அலபாமாவின் கூர்ந்த கண்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைப் புகழ என்னிடம் காரணங்கள் உண்டு. எதையும் இட்டுக்கட்ட வேண்டியதில்லை. நடந்ததைச் சொன்னாலே போதும்.

முதலில் அதன் கண்பார்வை. அங்குள்ள லவுண்ஸ் கவுண்டி ஒரு நாட்டுப்புறம். சுமார் 10,000 பேர். அவர்களில் 70 சதவீதத்துக்கு மேல் கறுப்பின மக்கள். வீட்டுக்கு வீடு வெகுதூரம். பாதாளச் சாக்கடை பெரும்பாலான வீடுகளை எட்டவே இல்லை. செப்டிக் டேங்க் கட்ட வழியில்லாதவர்கள் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, கழிப்பறைத் தண்ணீரைக் கொல்லைக்கோ புதருக்கோ விடுகிறார்கள். புல்லுக்கு நடுவே கிடந்த அந்த மெல்லிய குழாய் மாநிலத்தின் கண்ணுக்குத் தப்பவில்லை. அப்படி விடுவது அங்கே குற்றம். வழக்குப் போடலாம், அபராதம் விதிக்கலாம், வீட்டின் மேல் வில்லங்கம் ஏற்றலாம். ஏழையின் கொல்லைவரை நடந்து வந்து பார்த்த அரசு அது. அவ்வளவு தூரம் வந்தது. கையில் இருந்தது நோட்டீஸ், குழாய் அல்ல.

அந்த மண்ணையும் போற்றுகிறேன். 'பிளாக் பெல்ட்' என்பார்கள். நம் கரிசலைப் போலக் கறுத்தது, அடியில் களி. தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதில் பருத்தி செழித்தது. விளைவித்தவர்கள் அடிமைகள், விற்றுக் காசு பார்த்தவர்கள் வேறு. அதே களிதான் இன்று செப்டிக் டேங்கின் தண்ணீரை உள்ளே வாங்க மறுக்கிறது. கடன்பட்டு டேங்க் கட்டியவர்களுக்கும் நிம்மதியில்லை: அடைமழை பெய்தால் தண்ணீர் மேலேறி, வீட்டுக் குளியல் தொட்டிக்கே திரும்பி வருகிறது. அந்த மண்ணுக்கு ஏற்றபடி மேடு எழுப்பிக் கட்டும் டேங்குக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். மண் யாரையும் ஏமாற்றவில்லை. அதன் குணம் அரசுக்குத் தெரியாததும் அல்ல.

நாட்டின் நினைவாற்றலையும் சொல்லவேண்டும். 1965இல் கறுப்பின மக்கள் வாக்குரிமை கேட்டு அலபாமாவின் செல்மாவிலிருந்து மான்ட்கோமெரிவரை 54 மைல் நடந்தார்கள். அந்தப் பாதையின் பெரும்பகுதி இந்தக் கவுண்டி வழியாகத்தான் போகிறது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் இங்கே ஒரு கறுப்பினத்தவர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. இன்று அந்தச் சாலை தேசிய வரலாற்றுப் பாதை. அதற்கு விளக்க மையமும் உண்டு. நடந்தவர்களைக் கௌரவித்தது சரியே. சாலையை விட்டு இறங்கி அவர்களுடைய பேரப்பிள்ளைகள் விளையாடும் கொல்லையைப் பாருங்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, சோதித்த 55 பேரில் 19 பேரிடம் கொக்கிப்புழுவின் தடயத்தைக் கண்டது. வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும் புழு அது. அதே ஆண்டு வந்த ஐ.நா. அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், வளர்ந்த நாட்டில் இப்படியொரு காட்சியைப் பார்த்ததில்லை என்றார்.

அந்த மண்ணின் மகள் கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ் இந்தக் கொல்லைகளைப் பற்றி இருபது ஆண்டுகளாக விடாமல் பேசினார். 2021இல் மத்திய நீதித்துறை விசாரணையைத் தொடங்கியது. 2023 மே மாதம் உடன்பாடு வந்தது: வழக்கும் வில்லங்கமும் நிறுத்தப்படும், யாருக்கு எது இல்லை என்று கணக்கெடுத்து வழி செய்யப்படும். மாநிலம் ஒப்புக்கொண்டது. இதை மனமாரப் பாராட்டுகிறேன். கொல்லைக்குப் போன அதே கண் முதல்முறையாக உதவப் பார்த்தது.

ஒரு தலைமுறை காத்திருந்து பெற்றதைக் கைவிட வாஷிங்டனுக்கு இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 2025 ஏப்ரலில் நீதித்துறை அந்த உடன்பாட்டை ரத்து செய்தது. இனப் பன்முகத்தன்மையை முன்வைக்கும் சட்டவிரோதத் திட்டங்களின் வரிசையில் அதைச் சேர்த்துச் சொன்னது. மலநீர் தேங்கிய கொல்லையில் நிறத்தைக் கண்டுபிடித்த அந்தப் பார்வைக்குக் கூர்மை இல்லை என்று யார் சொல்ல முடியும்?

லவுண்ஸில் மழை பெய்தால் கழிவுநீர் இன்றும் கொல்லையில்தான் நிற்கிறது.