கனம் நார்ட்டன் அவர்களுக்கு ஒரு வாழ்த்துமடல்

ஜார்ஜ் நார்ட்டன் அவர்களே! இங்கிலாந்தின் கணவன்மாரில் உம்மைப் போல் சட்டத்தைப் போற்றியவர் யார்? 1827இல் நாடகாசிரியர் ஷெரிடனின் பேத்தி கரோலினைக் கைப்பிடித்தீர். அவளுக்கு வயது 19. சீர் செனத்தி என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. அழகும் பேச்சும் எழுத்தும்தான். அப்படிப்பட்டவளை ஏற்றுக்கொண்டது உம் பெருந்தன்மை. அவளை அடிப்பதற்குக் கையும் காலும் உமக்குத் தயங்காமல் உதவின. சொந்த மனைவியிடம் எதற்குக் கூச்சம்?

லண்டனில் உம் வீட்டு வரவேற்பறைக்கு அமைச்சர்களும் எழுத்தாளர்களும் வந்ததெல்லாம் அவள் பேச்சைக் கேட்கத்தான். அந்தப் பழக்கத்தை வைத்து, 1831இல் மெல்போர்ன் பிரபு வழியாக உமக்கு நீதிபதி வேலை வாங்கித் தந்தாள். நன்றி மறவாதவர் நீர். பிரதமராக உயர்ந்துவிட்ட அதே மெல்போர்ன் உம் மனைவியைக் கெடுத்தார் என்று 1836இல் வழக்குப் போட்டு, 10,000 பவுண்டு கேட்டீர். மானத்துக்கு இவ்வளவு துல்லியமாக விலை போட எல்லோருக்கும் வராது. ஊரே அவள் ஒழுக்கத்தைப் பேசியது. அவளுக்கு மட்டும் அந்த வழக்கில் வாய் திறக்க இடமில்லை. ஜூரிகள் எழுந்து போய்க் கலந்து பேசக்கூட இல்லை; மெல்போர்ன் குற்றமற்றவர் என்று இருந்த இடத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

தோற்றும் நீர் துவளவில்லை. பிள்ளைகள் தகப்பன் சொத்து என்றது அன்றைய சட்டம். மூன்று மகன்களையும் தாயிடமிருந்து பிரித்து ஸ்காட்லாந்துக்கு அனுப்பினீர். 1842இல் கடைக்குட்டி வில்லியம் குதிரையிலிருந்து விழுந்தான். பதறி ஓடிவந்த தாய்க்குப் பிள்ளையின் சவப்பெட்டியைக் காட்டினீர். அதையும் மறைக்காத கருணையை எப்படி மெச்சுவது!

மனைவியின் சம்பாத்தியமும் கணவனுக்கே என்றது சட்டம். அவள் கண்விழித்து எழுதிய நாவல்களின் வருமானத்துக்கும் உரிமை கொண்டாடினீர். அவளுக்குப் படியளக்க மறுத்துவிட்டு அவள் பேனாவிடம் படி கேட்ட சிக்கனம் வேறு யாருக்கு வரும்?

உம்முடைய மிகப் பெரிய கொடை இனிமேல்தான். நீர் இத்தனை கொடுமை செய்திராவிட்டால் அவள் சட்டத்தைப் படித்திருக்க மாட்டாள். துண்டுப் பிரசுரம் எழுதியிருக்க மாட்டாள். அவள் எழுத்தின் பலனாக 1839இல் குழந்தைகள் காவல் சட்டம் வந்தது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்கத் தாய்க்கு முதன்முதலாக வழி பிறந்தது. 1855இல் விக்டோரியா மகாராணிக்கே பகிரங்கக் கடிதம் எழுதினாள். 1857இன் மணமுறிவுச் சட்டத்தில், கணவனைப் பிரிந்த பெண்ணின் சம்பாத்தியத்துக்குக் காவல் கிடைத்தது.

நீர் 1875இல் இறந்தீர். உயிரோடு இருந்தவரை அவளை விடுவிக்கவில்லை. 1877இல் மறுமணம் செய்துகொண்ட அவள் சில மாதங்களிலேயே காலமானாள். அடித்தும் பறித்தும் நீர் காத்த நார்ட்டன் என்ற குடும்பப் பெயரை இன்று உலகம் சொல்வது கரோலின் நார்ட்டன் என்று மட்டும்தான்.