மூன்று முடிச்சுக்குப் பிறகு ஐந்து முடிச்சு

கல்யாணத்துக்கு மூன்று முடிச்சு போதும். ஃப்ளை ஃபிஷிங்குக்கு ஐந்து வேண்டும். இதில் மண்புழு கிடையாது, தக்கை கிடையாது, ஈயக்குண்டும் கிடையாது. முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிதான் இரை. அதற்கு எடையே இல்லாததால், வீசும் எடை முழுவதும் நூலில் இருக்கிறது. கனத்த நூலைப் பார்த்தால் மீன் ஓடிவிடும். ஆகவே நுனி மெலிய வேண்டும். தடிமனையும் மெல்லியதையும் சேர்த்துவைக்கும் புரோக்கர் வேலைதான் முடிச்சு.

இப்படிப் பிடிக்கிற டிரவுட் மீனுக்கும் நமக்கும் என்ன, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். எச்.சி. வில்சன் என்பவர் 1907-ல் நீலகிரி அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். அந்த முடிச்சை நூறாண்டுக்கு முன்பே போட்டாயிற்று.

தேவையான பொருட்கள்: ரீல் 1, பேக்கிங் நூல் (ரீலின் அடியில் சுற்றுவது), ஃப்ளை லைன் (வீசும் கனத்த நூல்), லீடர் (மெலிந்துகொண்டே போகும் நரம்பு), டிப்பெட் (நுனி நரம்பு), நகவெட்டி 1, ஆணி 1, எச்சில் தேவைக்கேற்ப.

முதல் முடிச்சு: ஆர்பர். பேக்கிங் நூலை ரீலின் அச்சோடு கட்டுவது. மொத்த நூலையும் இழுத்துக்கொண்டு ஓடி இந்த முடிச்சைச் சோதிக்கிற மீன் உங்கள் ஆயுளில் வரப்போவதில்லை. அதனால்தான் இதை மிக அழகாகப் போடுவீர்கள்.

இரண்டாவது: ஆல்பிரைட். ஃப்ளோரிடாவில் மீன்பிடி வழிகாட்டியாக இருந்த ஜிம்மி ஆல்பிரைட்டின் பெயர். ஃப்ளை லைனின் நுனியை மடக்கி, அதற்குள் பேக்கிங் நூலை நுழைத்துப் பத்துச் சுற்று சுற்றி, நுழைந்த வழியாகவே வெளியே எடுக்க வேண்டும். எட்டாவது சுற்றில் யாராவது “காப்பி வேணுமா?” என்பார்கள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கவும்.

மூன்றாவது: ஆணி முடிச்சு. ஃப்ளை லைனோடு ஆணியைச் சேர்த்துப் பிடித்து, லீடரை ஐந்தாறு சுற்று சுற்றி, நுனியைச் சுற்றுகளுக்குள் திருப்பி நுழைத்து, ஆணியை உருவிவிட்டு இறுக்கவும். இப்போது வரும் பல லைன்களின் நுனியில் கம்பெனியே வளையம் வைத்துத் தருகிறது. அதில் லீடரின் வளையத்தை மாட்டினால் அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. அந்த வளையத்தை உடனே வெட்டியெறியுங்கள். உழைக்காமல் வந்தது உடம்பில் ஒட்டாது.

நான்காவது: பிளட் நாட். லீடரையும் டிப்பெட்டையும் இணைப்பது. இரு நுனிகளையும் எதிரெதிராக வைத்து, பக்கத்துக்கு ஐந்து சுற்று சுற்றி, இரண்டையும் நடுவிலுள்ள ஒரே ஓட்டையில் எதிர்த்திசைகளில் நுழைக்க வேண்டும். மூன்று கை தேவைப்படும். மூன்றாவது கைக்குப் பல். இறுக்குமுன் எச்சில் தடவுவது அசிங்கமல்ல, அறிவியல்: உராயும் சூட்டில் நைலான் பலமிழக்கும்.

இரண்டு நரம்பும் ஏறக்குறைய ஒரே தடிமனில் இருக்க வேண்டும். தடிமனை எக்ஸ் கணக்கில் சொல்வார்கள். எண் ஏற ஏற நரம்பு இளைக்கும். பதினொன்றிலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று கிடைக்கும். 5எக்ஸ் என்றால் ஆயிரத்தில் ஆறு. நைலான் வருமுன், பட்டுப்புழுவிலிருந்து எடுத்த இழையை எத்தனை முறை துளைவழியே இழுத்து மெலியவைத்தார்கள் என்பதே அந்த எக்ஸ்.

நான் இந்த பிளட் நாட்டோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மல்லுக்கட்டினேன். பக்கத்தில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த அம்மா, “குடுடா இப்படி” என்று வாங்கி, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் போட்டுக் கொடுத்தார். பிறகு, “இது எந்தச் சாமிக்கு?” என்று கேட்டார்.

தடிமன் ரொம்பவே வேறுபட்டால் சர்ஜன்ஸ் நாட். இரண்டு நரம்பையும் ஒன்றாகப் பிடித்து, வளையமாக்கி, அதற்குள் இருமுறை நுழைத்து இழுத்தால் சரி. சுலபமாக வந்துவிடும், பலமாகவும் நிற்கும். ஆகவே யாரும் மதிப்பதில்லை.

ஐந்தாவது: கிளிஞ்ச். பொய்ப்பூச்சியின் காதில் நரம்பைக் கோத்து, ஐந்து சுற்றி, அடி வளையத்தில் நுழைத்து இறுக்கவும். இருட்டுகிற நேரத்தில், எதிரே மீன் துள்ளும்போது, கண்ணாடியை வண்டியில் விட்டுவிட்டு வந்து போடுவதே மரபு.

ஆறாவது. ஐந்துதானே என்கிறீர்களா? இதை நீங்கள் போட வேண்டாம், தானே விழும். வீச்சு பிசகினால் நூல் தன்னைத்தானே கடந்து இறுகிக்கொள்ளும். பெயர் காற்று முடிச்சு. காற்றின் மேல் பழிபோடுவது நம் வழக்கம். ஆணி வேண்டாம், எச்சில் வேண்டாம், எண்ணிக்கையும் வேண்டாம். நரம்பின் பலத்தில் பாதியைக்கூட அது தின்றுவிடும். என் கைவழியே உருவான முடிச்சுகளில் இன்றுவரை அவிழாதது இது ஒன்றுதான்.

இப்போது விளையாட்டில்லாமல் ஒரு வார்த்தை. அவ்வப்போது நுனி நரம்பை விரலால் தடவிப் பாருங்கள். நெருடினால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். வெட்டிய துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். ஓடைக்கரையில் விட்டால் அது மக்காது. ஏதோ ஒரு பறவையின் காலில் அது போடும் முடிச்சை அவிழ்க்க யாரும் வரமாட்டார்கள்.