நல்லவர்களுக்கு ரிக்கார்டு கிடையாது

அயர்லாந்தில் முன்னோரைத் தேடக் கிளம்புகிறவர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே அரசாங்கம் சொன்ன பேச்சைக் கேட்டவர்களின் ஆவணங்கள் எரிந்துபோய்விட்டன. பேச்சைக் கேட்காதவர்கள், வயதைப் பற்றிப் பொய் சொன்னவர்கள், ஆடு திருடியவர்கள், குடித்துவிட்டு ரோட்டில் கிடந்தவர்கள், இவர்களைப் பற்றிய காகிதங்கள்தான் பத்திரமாக இருக்கின்றன.

டப்ளினில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் எனக்கு இந்த ஞானம் கிடைக்கக் காரணம், பெரம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டு அங்கிள். ஆங்கிலோ இந்தியர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸப்பில் கூப்பிட்டார். "இன்னா மேன், டப்ளின்லதானே இருக்கே? என் கிரேட் கிராண்ட்ஃபாதர் அந்த நாட்டு ஆளு. ஒரு பர்த் சர்ட்டிஃபிகேட் வாங்கி அனுப்பிடு."

கொள்ளுத்தாத்தா ஒரு மர்ஃபி. கார்க் மாவட்டத்துக்காரர். 1850களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் படையில் சேர்ந்து கப்பலேறினார். 1857ல் கர்னல் நீல் தலைமையில் வடக்கே போனது அந்தப் படைதான். மவுண்ட் ரோட்டில் சிலையாக நின்று, ஜனங்கள் போராடியதால் 1937ல் மியூசியத்துக்குள் அனுப்பப்பட்டாரே, அதே நீல். இந்த விஷயம் அங்கிள் வீட்டில் பேச்சில் வராது. பேச்சில் அடிக்கடி வருவது, 1881ல் அந்தப் படையை ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸின் முதல் பட்டாலியனாகப் பெயர் மாற்றிய கதை. "மெட்ராஸை எடுத்துட்டு டப்ளினைப் போட்டான் பாரு" என்பார், தன்னைக் கேட்டுத்தான் போட்டார்கள் என்கிற தோரணையில்.

இதற்கிடையில் மெல்போர்னில் இருக்கும் அங்கிளின் மருமகனுக்கு ஐரிஷ் பாஸ்போர்ட் ஆசை வந்துவிட்டது. தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்தில் பிறந்திருந்தால் குடியுரிமைக்குப் பதிவு செய்துகொள்ளலாம், அதற்கு மேலே போனால் இவர்கள் கணக்கில் செல்லாது என்று சொன்னேன். மருமகன் அன்றைக்கே ஆர்வம் இழந்தார். அங்கிள் இழக்கவில்லை. "எனக்குப் பாஸ்போர்ட் எதுக்கு மேன்? ஊர் பேர் தெரிஞ்சா போதும்."

போதும் என்பது சின்ன வார்த்தை. அயர்லாந்தில் எல்லோருடைய பிறப்பு இறப்பையும் அரசாங்கம் எழுதிவைக்க ஆரம்பித்ததே 1864 ஜனவரி 1ஆம் தேதியில் இருந்துதான். கத்தோலிக்கர் அல்லாதவர்களின் கல்யாணத்தை மட்டும் 1845 முதல் எழுதினார்கள். அங்கிளின் கொள்ளுத்தாத்தா கத்தோலிக்கர், பிறந்தது 1830களில். ஆகவே அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவர் பிறக்கவில்லை.

"அப்ப சென்சஸ் பாரு" என்றார் அங்கிள்.

சென்சஸ் கதையைச் சொன்னால் வயிற்றெரிச்சல். 1861, 1871 கணக்கெடுப்புப் படிவங்களை, கூட்டல் முடிந்ததும் அரசாங்கமே அழித்தது. எத்தனை பேர் என்று தெரிந்துவிட்டதே, யார் யார் என்பது எதற்கு? 1881, 1891 படிவங்கள் முதல் உலகப்போர் சமயத்தில் காகிதக் கூழாயின. மிச்சம் இருந்த 1821, 1831, 1841, 1851 படிவங்களை மட்டும் டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகத்தில், பொது ஆவணக் காப்பகத்தில் பத்திரப்படுத்தினார்கள். பத்திரம் என்றால் அப்படி ஒரு பத்திரம். 1919ல் அந்தக் காப்பகத்தின் அதிகாரி ஹெர்பர்ட் வுட், உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று ஒரு வழிகாட்டிப் புத்தகமே போட்டார். மூன்றே வருடம். 1922ல் உள்நாட்டுப்போர் மூண்டது. ஒரு தரப்பு ஃபோர் கோர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு காப்பகத்தில் வெடிமருந்தைச் சேர்த்துவைத்தது. இன்னொரு தரப்பு பிரிட்டிஷ்காரனிடம் பீரங்கியை இரவல் வாங்கி வெளியில் இருந்து சுட்டது. ஜூன் 30ஆம் தேதி எல்லாம் வெடித்தது. சுமார் 700 வருடத்துக் காகிதம் கரித்துண்டுகளாக டப்ளின்மேல் பொழிந்தது. வுட் எழுதிய புத்தகம் தப்பித்தது. எதையெல்லாம் இழந்தோம் என்று வரிசையாகத் தெரிந்துகொள்ள இன்றைக்கும் அதுதான் ஆதாரம்.

இங்கேதான் என் ஆராய்ச்சி முடிவின் முதல் சாட்சி வருகிறது. அயர்லாந்துச் சபை என்ற புராட்டஸ்டண்ட் திருச்சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அரசாங்கம் காப்பகத்துக்கு வரவழைத்திருந்தது. அனுப்பிவைத்த பாதிரியார்களின் பதிவேடுகள் எரிந்தன. இரும்புப்பெட்டி இருக்கிறது, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சாக்குச் சொல்லி அனுப்பாமல் இருந்தவர்களின் பதிவேடுகள் பிழைத்தன. கத்தோலிக்கக் கோவில்களை யாரும் கேட்கவே இல்லை. அதனால் அவர்கள் நோட்டுகளும் பிழைத்தன.

அவற்றை டப்ளின் கில்டேர் தெருவில் இருக்கும் தேசிய நூலகம் படம் பிடித்து, 2015ல் எல்லோரும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்துவிட்டது. பிழைத்தது ஒன்று, படிக்க முடிவது வேறொன்று. பெயர்களெல்லாம் லத்தீனில். வீட்டில் ஜானாக இருந்த குழந்தை நோட்டில் யோவான்னஸ் ஆகிவிடும். ஜேம்ஸ் யாக்கோபஸ். எழுத்தைப் பார்த்தால் அந்தப் பாதிரியார் குதிரை மேலிருந்தபடியே எழுதினாரோ என்று தோன்றும். ஒரே ஆறுதல், குழந்தையின் தாயாருடைய பிறந்தவீட்டுப் பெயரையும் எழுதிவைத்திருக்கிறார்கள். அங்கிளிடம் அந்தப் பெயர் இல்லை.

மர்ஃபி என்பது அயர்லாந்திலேயே அதிகம் பேருக்கு உள்ள குடும்பப்பெயர். கார்க், அந்நாட்டின் மிகப் பெரிய மாவட்டம். அந்த மாவட்டத்தில் ஒரு ஜான் மர்ஃபியைத் தேடுவது, மதுரையில் இறங்கி மீனாட்சி வீடு எது என்று கேட்பது போல. ஊர் தெரிந்தால் தேடலாம். ஆனால் அங்கே ஊர் என்பதும் லேசுப்பட்டதல்ல. டவுன்லேண்ட் என்று சொல்லும் குக்கிராமப் பிரிவுகள் நாடு முழுக்க 60,000க்கும் மேல். அதிலும் ஒரே பெயரில் பல. உள்ளூர்க்காரர்களுக்கே குழம்பியிருக்கிறது. கார்க், கெர்ரி பக்கத்தில் ஒரே பெயர்க் குடும்பங்களைப் பிரித்துச் சொல்லப் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள், சில சமயம் அரசுப் பதிவேட்டிலேயே அதையும் எழுதியிருக்கிறார்கள்.

நேர்வழி அடைபட்டதால் குறுக்குவழியில் போனேன். ஊரை விட்டுப் போனவரைக் காணோம் என்றால் ஊரிலேயே இருந்தவர்களைத் தேட வேண்டும். முழுதாகக் கிடைக்கும் சென்சஸ்களில் மிகப் பழையவை 1901, 1911 இரண்டும்தான். கொள்ளுத்தாத்தாவின் தங்கையாக இருக்கலாம் என்று ஒரு அம்மாளைக் குறித்துக்கொண்டேன். 1901ல் அவருக்கு 54 வயது. 1911ல் 71.

பத்து வருடத்தில் பதினேழு வயது கூடியதற்கு நோய் காரணமில்லை. 1908ல் முதியோர் பென்ஷன் சட்டம் வந்தது. 70 வயது ஆகியிருந்தால் வாரம் 5 ஷில்லிங். பிறப்புப் பதிவே 1864ல்தான் ஆரம்பித்தது என்பதால் வயதை நிரூபிக்க யாரிடமும் காகிதம் இல்லை. அதிகாரிகள் கேட்ட கேள்விகளில் ஒன்று, "1839 பெருங்காற்று ஞாபகம் இருக்கிறதா?" அந்த வருடம் ஜனவரி 6ஆம் தேதி இரவு அடித்த சூறாவளி, நாடு முழுக்கக் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. ஞாபகம் இருந்தால் பென்ஷன். அப்புறம் என்ன, அயர்லாந்து முழுக்க ஞாபகசக்தி பெருகிவிட்டது. 1901ல் சொன்ன கணக்குப்படி நம் அம்மாள் பிறந்தது அந்தக் காற்று ஓய்ந்து எட்டு வருடம் கழித்து.

அங்கிளிடம் சொன்னேன். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "எங்க ஃபேமிலிதான் மேன், டவுட்டே இல்ல" என்றார் சந்தோஷமாக. "ரயில்வேயில நாங்க ரெண்டு மூணு வருஷம் குறைச்சுச் சொல்வோம், அவங்க கூட்டிச் சொல்லியிருக்காங்க. அவ்ளோதான்."

பொய் சொன்னவர்களை லேசாக நினைக்கக்கூடாது. பென்ஷன் கேட்டவர் சொல்வது நிஜமா என்று பார்க்க, 1841, 1851 சென்சஸில் அவர் குடும்பம் இருக்கிறதா என்று காப்பகத்துக்கு விண்ணப்பம் போகும். ஊழியர்கள் தேடிப் பார்த்து விண்ணப்பத்திலேயே பதிலைக் குறிப்பார்கள். சென்சஸ் எரிந்துவிட்டது. விண்ணப்பங்கள் இருக்கின்றன. அந்த இரண்டு கணக்கெடுப்பிலும் பல குடும்பங்கள் இருந்ததற்கு இன்றைக்கு இந்தச் சந்தேகக் காகிதம்தான் சாட்சி. கிழவர்களை அரசாங்கம் நம்பியிருந்தால் அதுவும் இருந்திருக்காது.

1864க்குப் பிறகு பிறந்தவர்கள் மட்டும் ஒழுங்கா என்றால், அவர்களில் சிலர் பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார்கள். காரணம் எளிது. பிறப்பைப் பதிய ஒரு கெடு உண்டு, தாண்டினால் அபராதம். அப்பா விவசாயி, வேலை ஓய்ந்த நாளில் பதிவாளரிடம் போவார், குழந்தை போன வாரம்தான் பிறந்தது என்பார். கோவில் நோட்டிலோ அது ஏற்கெனவே இரண்டு மாதக் கிறிஸ்தவன்.

தேசிய நூலகத்தில் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆஸ்திரேலிய அம்மாளிடம் என் புலம்பலைக் கொட்டினேன். அவர் கையில் கொழுத்த ஒரு கோப்பு. அவருடைய மூதாதை ஆடு திருடி, நாடு கடத்தப்பட்டவராம். சிறைப் பதிவேட்டில் அவர் உயரம், கண்ணின் நிறம், தலைமுடியின் நிறம் வரைக்கும் இருக்கிறது. தண்டனையைக் குறைக்கச் சொல்லி வீட்டார் கொடுத்த மனுவும் இருக்கிறது. நாடு கடத்தப்பட்டவர்களின் பதிவுகளைப் பிரதியெடுத்து 1988ல் அயர்லாந்து ஆஸ்திரேலியாவுக்குப் பரிசாகவே கொடுத்தது. "உங்கள் ஆள் ஒன்றுமே திருடவில்லையா?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

விட்டேனா? உள்ளூர்க் கோர்ட்டின் சில்லறை வழக்கு நோட்டுகளைப் புரட்டினேன். குடிபோதை, ரோட்டில் மாடு திரிந்தது, லைசென்ஸ் இல்லாமல் நாய் வளர்த்தது என்று பக்கம் பக்கமாக மர்ஃபிகள். நாய் லைசென்ஸ் பதிவேடும் 1866ல் இருந்து உண்டு. அதில் ஒரு மர்ஃபியின் நாய் கறுப்பும் வெள்ளையும் என்று தெளிவாக இருக்கிறது. கொள்ளுத்தாத்தாவைப் பற்றி இவ்வளவு தெளிவான ஒரு வரி எனக்கு எங்கும் கிடைக்கவில்லை.

கடைசியில் கிரிஃபித் மதிப்பீட்டைப் பிடித்தேன். வரி போடுவதற்காக ரிச்சர்ட் கிரிஃபித் என்பவர் 1847 முதல் 1864 வரை நாடு முழுக்க வீடு, நிலம் எல்லாவற்றையும் அளந்து அச்சடித்த பட்டியல் அது. குடும்பத்தின் மற்றவர் பெயர்கள் எதுவும் இருக்காது. குடியிருப்பவர் பெயர், குத்தகைக்கு விட்டவர் பெயர், நிலத்தின் அளவு, அதன் மதிப்பு, அவ்வளவுதான். ஞானஸ்நான நோட்டையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், கொள்ளுத்தாத்தாவின் தகப்பனாராக இருக்கக்கூடிய மர்ஃபிகள் மூன்று பேர் தேறினார்கள். ஒருவரிடம் வெறும் குடிசை. இன்னொருவரிடம் நாலு ஏக்கர். மூன்றாமவரிடம் 28 ஏக்கர். மூவருக்கும் ஆதாரம் சமம் என்று அங்கிளுக்கு விளக்கமாக எழுதி அனுப்பினேன்.

அஞ்சு நிமிஷத்தில் போன் வந்தது. "28 ஏக்கர்காரர்தான் மேன். ஃபேஸ்கட் தெரியுது."

பட்டியலில் முகம் கிடையாது அங்கிள் என்றேன். அந்த நிலமும் சொந்தமில்லை, ஒரு ஜமீன்தாரிடம் குத்தகைக்கு எடுத்தது என்றும் சொன்னேன்.

"அதை மட்டும் மெல்போர்னுக்கு எழுதாதே" என்றார்.