கடல் இஞ்சினுக்கு மலைக்காற்று

தோட்டத்தில் ஓர் எந்திரம் நின்றுவிட்டால் போதும், அதைச் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் பாஸ் ஆகிவிடுவார்கள். லொறியா, மாவரைக்கும் மெஷினா என்ற பேதமெல்லாம் கிடையாது. மாமா நீர்கொழும்பில் ஒரு மீனவரிடம் வாங்கிவந்த மண்ணெண்ணெய் இஞ்சின், காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நடுவில் படகோடு நின்றபோதும் இதுதான் நடந்தது. ஒரே வித்தியாசம், வைத்தியம் பலிக்காவிட்டால் நைசாக நழுவிப்போக அங்கே வழியில்லை.

நிற்பதிலும் அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. கயிற்றை இழுத்தால் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும். கொஞ்சத் தூரம் மிடுக்காகப் போகும். பிறகு ஓர் இருமல், ஒரு விக்கல், அவ்வளவுதான். சற்று நேரம் சும்மா விட்டால் மறுபடி ஓடும். மறுபடி அதே விக்கல்.

மாமா ஒரு காலத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் இஞ்சின் டிரைவர். ஆளுயர ரஸ்டன் டீசல் இஞ்சின். அது சுழன்றால்தான் கூரையோரம் போகும் நீளமான சாஃப்ட் சுழலும், பெல்ட் ஓடும், ரோலர் அசையும். பிறகு மின்சாரம் வந்தது, ரஸ்டன் ஓய்ந்தது. அந்த மின்சாரத்துக்காக 1965இல் கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டியதுதான் இந்தக் காசல்ரீ. விமலசுரேந்திரா மின்நிலையத்தின் 50 மெகாவாட்டும் இந்தத் தண்ணீரில்தான் ஓடுகிறது. தன்னுடைய இஞ்சினை வீட்டுக்கு அனுப்பிய தண்ணீர்மேலேயே மாமா இன்னொரு இஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இதை எடுத்துச் சொல்லலாம் என்று நாக்கு துடித்தது. எனக்கு நீச்சல் தெரியாது, அதனால் பேசாமல் இருந்தேன்.

“மாப்ள, இது கடக்கரையில உப்புக்காத்து குடிச்சு வளந்தது. இங்க அதுக்குக் காத்துப் பத்தல” என்றார் மாமா.

அதில் பாதி நியாயம் உண்டு. காசல்ரீ கடல்மட்டத்திலிருந்து 3,500 அடிக்கு மேல். ஆயிரம் அடி ஏறினால் இஞ்சினின் வலுவில் ஏறத்தாழ 3 வீதம் குறையும் என்பது கணக்கு. காற்று மெலிகிறது, காபரேட்டரோ பழைய அளவுக்கே எண்ணெயை ஊற்றுகிறது. கரும்புகை வரும், பிளக்கில் கரி கட்டும். நுவரெலியா கிரகரி வாவிக்கு, 6,000 அடிக்கு மேலே, கொண்டுபோனால் பாடு இன்னும் மோசம். ஆனால் காற்று பற்றாத இஞ்சின் சோம்பித்தான் ஓடும். இப்படி நேரம் பார்த்து மயங்கி விழாது.

ஆட்டோ ஓட்டுகிற தம்பிக்கு அந்த விளக்கமே பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றினான், சாரத்தில் துடைத்தான், வெயிலுக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். “நீங்க அவசரப்பட்டுட்டீங்க மாமா. பெற்றோல்ல ஸ்டார்ட் பண்ணி, தல நல்லா சூடான பொறவுதான் மண்ணெண்ணெய்க்கு மாத்தணும். இந்தக் குளிர்ல பச்சை மண்ணெண்ணெய் எப்பிடி எரியும்?” சொன்னது சரிதான். ரஸ்டன் ஓட்டியவரிடம் சொன்னதுதான் தப்பு. பிளக்கை மாட்டி, பெற்றோலில் வைத்து, நன்றாகச் சூடாக்கி மாற்றினார்கள். கொஞ்சத் தூரம் போனோம். இருமல். விக்கல்.

கோவா மூட்டைமேல் உட்கார்ந்திருந்த அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார். “ஃபெக்டரியில ரோதைமுனிக்குத் தேங்கா ஒடைக்காம என்னிக்காவது இஞ்சினத் தொட்டிருப்பீங்களாண்ணே?” மாமாவிடம் பதில் இல்லை. உடைத்திருக்கிறார், ஒருநாளும் தவறியதில்லை. உடனே ஒரு தேங்காய் நேர்ந்துகொள்ளப்பட்டது. இஞ்சின் மசியவில்லை.

“எனக்கு மூச்சு முட்டுதுடா” என்றார் அம்மாயி. புகைதான் காரணம். திரும்பிப் பார்த்தேன். அம்மாயியின் காலடியில் எண்ணெய் டாங்கி. அதிலிருந்து இஞ்சினுக்குப் போகிற குழாயின் நடுவில், கையால் அமுக்குகிற ரப்பர் பல்பு. கும்மென்று இருக்கவேண்டிய அது, சப்பிப்போட்ட மாங்கொட்டையாகக் கிடந்தது.

டாங்கியின் மூடியில் சின்னதாக ஒரு திருகு உண்டு. எண்ணெய் போகப் போக அந்த வழியாகக் காற்று உள்ளே வரவேண்டும். திருகு இறுகியிருந்தால் உள்ளே வெற்றிடம் கூடும், பம்ப் எவ்வளவு இழுத்தாலும் எண்ணெய் வராது. நிறுத்திவைத்தால் எங்கோ ஓர் இடுக்கில் கொஞ்சம் காற்று கசிந்து இறங்கும். அந்தத் தெம்பில்தான் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. திருகைத் தளர்த்தினேன். ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போன சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பல்பு மெல்ல உப்பியது.

இறுக்கியது யார் என்று விசாரிக்கத் தேவையே இல்லை. வீட்டில் டாங்கி இருந்தது அம்மாயியின் கட்டிலுக்கடியில். 2022 ஆகஸ்டில் 87 ரூபாய் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாய் ஆனதிலிருந்து, லயத்தில் எந்த எண்ணெய்ப் போத்தலைக் கண்டாலும் மூடியை ஒரு சுற்று இறுக்கிவிட்டுத்தான் அம்மாயி படுப்பார்.

அக்கரைவரை இஞ்சின் ஒருதடவைகூட விக்கவில்லை. “நான்தான் மொதல்லயே சொன்னேனே, காத்துக் கோளாறுன்னு” என்றார் மாமா. பிளக்கைத் துடைத்ததால்தான் ஓடியது என்பது தம்பியின் கட்சி. தேங்காய்க் காசு யார் தருவது என்று அக்கா கேட்டார்.

அம்மாயிக்கு வேறு கவலை. “அந்த ஓட்ட வழியா எண்ணெ ஆவியாப் போயிராதா?”

“காத்து உள்ள போறதுக்குத்தாம்மா அது” என்று மாமா பொறுமையாக விளக்கினார்.

“உள்ள போற காத்து வெளிய வராமலா இருக்கும்?” என்றார் அம்மாயி. “வரும்போது சும்மாவா வரும்?”