கலசப்பாக்கம் மாமாவுக்கு: காரின் வாட்டர் பம்ப்பை வீட்டிலேயே மாற்றும் விதம்



காரின் வாட்டர் பம்ப் என்பது எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே கூலண்டை ஓயாமல் சுற்றவிடும் உறுப்பு. பெட்ரோல் எரிந்து வரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகாமல் இந்தக் கூலண்டில் ஏறித்தான் வெளியே காற்றில் கலக்கிறது. கழனிக் கிணற்றில் ஓடும் மோனோபிளாக் மோட்டாரும் இதுவும் ஒரே வகை: உள்ளே சுழலும் இம்பெல்லர், அதைத் தாங்கும் தண்டு, தண்டு வழியாக நீர் கசியாமல் ஒரு சீல், ஒரு பேரிங். கிணற்று மோட்டார் மின்வாரியத்தை நம்பியிருக்கிறது. கார் பம்ப்பைப் பெரும்பாலும் எஞ்சினின் பெல்ட்டே சுழற்றிவிடும். ஆகவே மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று யாரும் நள்ளிரவில் எழுந்து உட்கார வேண்டியதில்லை.

பம்ப் இல்லாமலும் கார் ஓடியதுண்டு. ஹென்றி ஃபோர்டு 1908இல் கொண்டுவந்த மாடல் டி காரில் முதல் 2,500 வண்டிகளுக்குத்தான் பம்ப் இருந்தது. பிறகு அதைக் கழற்றிவிட்டு, சூடான நீர் மேலேறும், ஆறிய நீர் கீழிறங்கும் என்ற இயற்கையின் மேல் பாரத்தைப் போட்டு, 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள் விற்றார்கள். இன்றைய எஞ்சினுக்கு அந்த வேகம் போதாது. பம்ப் இருந்தும் ஜமுனாமரத்தூர் ஏற்றத்தில் பானெட்டைத் திறந்துபோட்டு ஆவி விட்டுக்கொண்டு நின்ற அம்பாசிடர்களைக் கலசப்பாக்கத்தார் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

பம்ப் கெடப்போவதை அதுவே சொல்லிவிடும். பம்ப்பின் வயிற்றில் சிறு துளை ஒன்று உண்டு. உள்ளே சீல் தேயத் தொடங்கியதும் கூலண்ட் பேரிங்குக்குள் போகாமல் இந்தத் துளை வழியாகச் சொட்டும். சொட்டியது காய்ந்து ரோஜா நிறப் பொருக்காக ஒட்டியிருக்கும். அடுத்து ஒரு தித்திப்பு வாசனை, பேரிங்கிலிருந்து கரகரப்பு. ஊரில் இதற்குப் பிறகு வெப்பமானி முள் ஏறுவதைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அதற்கு முன்பே தெரிந்துவிடும். காருக்குள் வரும் வெப்பக் காற்று எஞ்சின் கூலண்டின் சூட்டில் வருவது. கூலண்ட் குறைந்தாலோ பம்ப் தளர்ந்தாலோ சிக்னலில் நிற்கும்போது ஹீட்டரிலிருந்து குளிர்காற்று வீசும். வெளியே உறைநிலைக்குப் பதினைந்து டிகிரி கீழே இருக்கும் ஜனவரி மாதத்தில் இந்தச் செய்தி குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்கிறது.

ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பிடி மஞ்சள் தூளைக் கொட்டி ஊர் போய்ச் சேரும் லாரிக்கார வைத்தியம் பம்ப் ஒழுகுவதற்கு உதவாது. மஞ்சள் அடைப்பது அசையாத ஓட்டையை. சுழலும் தண்டின் சீலை எந்த மளிகைச் சாமானாலும் அடைக்க முடியாது; பம்ப்பையே மாற்ற வேண்டும்.

இங்கேதான் வெளிநாட்டுப் பொருளாதாரம் குறுக்கே வருகிறது. பம்ப்பின் விலை பெரிதல்ல, மாட்டுகிறவரின் கூலிதான் பெரிது. மணிக்கு நூறு டாலருக்குக் குறைவாக மெக்கானிக் கிடைப்பது அரிது. அதிலும் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று ஒரு புத்தகம் வைத்திருக்கிறார்கள். மூன்று மணி என்று அதில் போட்டிருந்தால், கைதேர்ந்தவர் ஒன்றரை மணியில் முடித்தாலும் மூன்று மணிக்குத்தான் கூலி. கலசப்பாக்கத்தில் போன் போட்டால் மெக்கானிக் சாமான் பையோடு பைக்கில் வாசலுக்கே வருவார். கூலியோடு ஒரு டீ வாங்கித் தந்தால் பழைய பம்ப்பின் மேல் ஒரு சொற்பொழிவும் கிடைக்கும். டிட்ராய்ட் பக்கம் சொற்பொழிவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதற்கு 'டயக்னோஸ்டிக்' கட்டணம் என்று பெயர்.

ஆரணிப் பக்கத்துத் தறிக்காரர் நாடா சிக்கினாலும் ஜக்கார்டு பெட்டி மக்கர் செய்தாலும் தானே இறங்கிச் சரிசெய்வார். வண்டி நின்றால் ஆளைக் கூப்பிடுவார். சோறு போடும் கருவியைத் தான் பார்த்துக்கொண்டு மற்றதை ஆளிடம் விடுவது ஊர் வழக்கம். குடியேறிய தமிழர் விஷயத்தில் இது தலைகீழ். சோறு போடும் கணினி கெட்டால் ஆபீஸிலிருந்து வேறொன்று வந்துவிடும். கார், குழாய், புல்வெட்டும் இயந்திரம், தலைமுடி ஆகியவற்றைத்தான் அவர் தன் கையால் பார்க்கிறார். அப்பாவின் மொபெட்டுக்குக் காற்றுகூட அடித்திராதவர் சனிக்கிழமை காலையில் காரின் அடியில் படுத்திருப்பதற்குக் காரணம் ஆர்வமல்ல, அந்த மணிக்கூலிதான்.

எல்லாக் காரிலும் இது வீட்டு வேலை ஆகாது. சில வி-6 எஞ்சின்களில் பம்ப்பை உள்ளே டைமிங் செயினோடு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதில் கை வைப்பவர் திங்கட்கிழமை பஸ்ஸில்தான் வேலைக்குப் போவார். பம்ப் எஞ்சினுக்கு வெளியே, எல்லாவற்றையும் ஓட்டும் ஒரே நீள பெல்ட்டில் இருக்கும் நாலு சிலிண்டர் கார்தான் வீட்டுக்கு ஏற்றது. வேண்டிய பெரிய கருவிகளை ஆட்டோசோன் போன்ற உதிரிபாகக் கடைகள் முன்பணம் வாங்கிக்கொண்டு இரவல் தருகின்றன. திருப்பிக் கொடுத்தால் முழுப் பணமும் திரும்பும். இரவல் வாங்குவது கௌரவக் குறைச்சல் என்று இங்கு யாரும் நினைப்பதில்லை.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் தொட வேண்டும். தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதி கலந்த கூலண்ட் திறந்த நிலையில் ஏறத்தாழ 106 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மூடி அழுத்தம் கொடுப்பதால் 130 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். சூட்டோடு திறந்தால் அத்தனையும் முகத்துக்கு வரும். சனிக்கிழமை ராகு காலம் 9 முதல் 10.30 வரை, அந்த ஒன்றரை மணி நேரத்தை எஞ்சின் ஆறுவதற்கு ஒதுக்கினால் பஞ்சாங்கம், பாதுகாப்பு இரண்டும் ஒத்துப்போகும். இந்த மூடிக்கும் தமிழ்நாட்டுக்கும் உறவு உண்டு: டிட்ராய்ட்டின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடிகளைச் சென்னையின் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 1990களிலேயே செய்து அனுப்பத் தொடங்கிவிட்டது.

காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகக் கூடாது. சக்கரத்தையும் அடித்தட்டையும் கழற்றி, கூலண்டை வடிக்க வேண்டும். தமிழ்ச் சங்க விருந்தில் மிஞ்சிய அலுமினியத் தாள் பிரியாணித் தட்டு இதற்குப் பிடிபாத்திரம் ஆகாது. ஐந்தாறு லிட்டரைத் தாங்காமல் நடுவில் மடங்கிவிடும். பெல்ட்டைக் கழற்றுமுன் அது எந்தப் புல்லிக்கு மேலாக, எதற்குக் கீழாகப் போகிறது என்று போனில் படம் எடுத்தாக வேண்டும். போல்ட்டுகள் ஒரே நீளமல்ல. ஓர் அட்டையில் பம்ப்பின் வடிவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் குத்திவைப்பது உலகெங்கும் உள்ள மெக்கானிக் வழக்கம்.

டார்ச் பிடிப்பது மனைவியின் பொறுப்பு. வேலையிலேயே கடினமானது இதுதான். கழற்றுகிறவருக்கு எந்த இடம் தெரிய வேண்டும் என்பதை அவர் சொல்லமாட்டார்; வெளிச்சம் வேறிடத்தில் விழுந்தால் மட்டும் சொல்வார். ஸ்பேனர் வழுக்கி விரல் தோல் உரிந்தாலும் குற்றம் டார்ச்சின் மேல்தான் விழும். தலையில் மாட்டும் விளக்கு இருபது டாலருக்குக் கிடைக்கிறது. பல குடும்பங்களில் அமைதி அதனால்தான் நிலவுகிறது.

பழைய பம்ப் கழன்று வந்த பிறகு பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். எஞ்சின் அலுமினியம் என்பதால் கத்தி பட்டால் கோடு விழும், கோட்டின் வழியாக மறுபடி ஒழுகும். நான்ஸ்டிக் கல்லுக்கான பிளாஸ்டிக் தோசைத் திருப்பி இதற்கு மிகப் பொருத்தம் என்று ஆண்கள் கண்டறிந்துள்ளனர். சமையலறை இக்கண்டுபிடிப்பை இன்னும் அங்கீகரிக்கவில்லை.

புதிய கேஸ்கெட், புதிய பம்ப். போல்ட்டுகளை முதலில் கையால் முடுக்கி, பிறகு எதிரெதிராக, டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் சுமார் அளவு. அது மணிக்கட்டு வேலை, தோள் வேலையல்ல. 'எதற்கும் இன்னும் கொஞ்சம்' என்று முடுக்குகிறவர் போல்ட்டின் தலையைத் தனியாகவும் உடலை எஞ்சினுக்குள்ளாகவும் பெறுவார். அதை எடுக்கத்தான் அந்த மணிக்கூலிக்காரரிடம் போக வேண்டிவரும்.

பெல்ட்டைப் போட்டு, காருக்குரிய கூலண்டை ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓட்ட வேண்டும். 80 டிகிரிக்கு மேல் தெர்மோஸ்டாட் திறந்ததும் உள்ளே சிக்கிய காற்று குமிழ் குமிழாக வெளியேறி மட்டம் இறங்கும். மீண்டும் ஊற்ற வேண்டும். விசிறி ஒருமுறை ஓடி நின்று, ஹீட்டரில் சூடான காற்று வந்து, அடியில் சொட்டு இல்லையென்றால் பம்ப் சரி. சில நாட்கள் காலையில் மட்டத்தைப் பார்த்துவர வேண்டும்.

மீதம் இருப்பது வடித்த கூலண்ட். அதைச் சாக்கடையிலோ புல்லிலோ ஊற்றக் கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் நஞ்சு. நாயும் பூனையும் நக்கிச் செத்திருக்கின்றன. 2012 முதல் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் கடையில் விற்கும் கூலண்டில் தாமாகவே கசப்பு மருந்து சேர்க்கிறார்கள். பழையதை மூடிய கேனில் வைத்திருந்து அபாயக் கழிவு வாங்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதுவரை கராஜில் இருக்கும் அந்தக் கேன் ரோஸ்மில்க் போலவே தெரியும் என்பதால், 'விஷம்' என்று தமிழிலும் எழுதி ஒட்டுவது அவசியம். ஆறு மாதம் தங்க வந்திருக்கும் மாமியாருக்கு ஆங்கில லேபிள் போதாது.