கொளத்தூர் மாப்பிள்ளையின் முறுக்கு

அப்பு, அன்னைக்கு ராத்திரி பத்து மணிக்குப் போனைப் போட்டு, "ஐயா, மூணு நாளா ஒண்ணும் சாப்பிடலை, மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் படுத்தே கெடக்கான்"னு நீ அழுவாத கொறையாச் சொன்னப்ப, எனக்கு ஈரக்கொலை நடுங்கிப் போச்சு. கொள்ளுப்பேரனுக்குத்தான் என்னமோன்னு ஒங்க அப்பத்தா கருப்பனுக்கு ஒத்த ரூவாயை மஞ்சத்துணியில முடிஞ்சு வச்சா. விடியுமுன்ன பஸ்ஸைப் பிடிச்சு மெட்ராசுக்கு வந்து பாத்தா, கொள்ளுப்பேரன் கையில பிஸ்கட்டோட ஓடிக்கிட்டுத் திரியுறான். கண்ணாடித் தொட்டிக்குள்ள வேற ஒருத்தன் ஒருக்களிச்சுக் கெடக்கான். கருத்த ஒடம்புல செம்மண்ணை அள்ளி எறைச்ச மாதிரி நெறம். பேரு ஆஸ்காராம்.

ஏ.ஆர்.ரஹ்மான் 2009-ல ஒரே ராத்திரியில ரெண்டு ஆஸ்கார் வாங்குனாரு. நீயும் வாங்கியிருக்கே, கொளத்தூர் மீன்கடையில, ரெண்டாயிரம் ரூவாயைக் கொடுத்து. அவரு வாங்குனதுக்குத் தீனி போட வேண்டியதில்லை. நீ வாங்குனதுக்கு நடிப்பும் சேந்து தெரியுது. வாலடியில நெருப்பு வளையமாட்டம் ஒரு பொய்க்கண்ணு வச்சிருக்கானே, அது அமேசான் ஆத்துல துடுப்பைக் கடிக்க வர்ற பிரானா மீனை ஏமாத்தத்தானாம். பிரானாவையே ஏமாத்துற பரம்பரை, ஒன்னைய ஏமாத்த எம்புட்டு நேரம் ஆகும்?

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கிட்டுத் தொட்டியோட மொகத்தை ஒட்டிப் பாத்தேன். நம்ம கண்மாய்க் கெண்டைக்கு மூக்குல பக்கத்துக்கு ரெண்டு ஓட்டை இருக்கும். இவனுக்குப் பக்கத்துக்கு ஒண்ணுதான். நம்ம ஜிலேபி மீனுக்கும் ஒண்ணுதான். அப்பவே தட்டுச்சு, இவன் ஜிலேபிக்குப் பங்காளின்னு. மறுநா ஒனக்குத் தெரியாம கொளத்தூருக்குப் போயி, ஒரு மீன்கடைக்காரருக்கு ரெண்டு டீ வாங்கிக் கொடுத்து வெசாரிச்சேன். சரியாத்தான் இருக்கு. ரெண்டும் சிக்லிட்னு ஒரே குலமாம்.

ஜிலேபி ஒண்ணும் உள்ளூர்க்காரன் இல்லடா. ஆப்பிரிக்காவுல பொறந்தவன். 1952-ல சிலோன்லேருந்து நம்ம மண்டபத்துல கொண்டாந்து எறக்குனாங்க. அன்னைக்குலேருந்து பாசியும் திம்பான், புழுவும் திம்பான், சகதியையும் வாயில போட்டுச் சலிச்சுப் பாப்பான். எந்தக் கண்மாய்லயும் "எனக்கு இது எறங்காது"ன்னு சொன்னதா வரலாறு இல்லை. அதே குலத்துல பொறந்த இவன், ஏசி ஹால்ல மாப்பிள்ளை முறுக்கு காட்டுறான்னா, மாமனார் வீட்டு உபசாரம் அப்படி.

நீ என்ன செஞ்சேன்னு நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். உருண்டைத் தீனி ஒண்ணைப் போட்டே. அவன் ஒத்தக் கண்ணால பாத்தான். வாயில வாங்குனான். இவனுகளுக்குத் தொண்டைக்குள்ள இன்னொரு தாடை இருக்காம். அதுல வச்சு நறநறன்னு மென்னு, செவுள் வழியாப் புழுதி பறக்க விட்டு, மிச்சத்தைத் தூன்னு துப்புனான். அடுத்த நிமிசம் நீ ஓடிப்போயி ஆட்டு ஈரலை நறுக்கிக்கிட்டு வந்தே. செத்தவனாட்டம் கெடந்தவன் எந்திரிச்சு வந்து வாலை ஆட்டுறான்! பூம்பூம் மாட்டுக்காரன் தெரியுமில்ல? உறுமியைத் தேய்ப்பான், மாடு தலையாட்டும். ஒன் வீட்டுல உறுமி தொட்டிக்குள்ள இருக்கு. மாடு எதுங்கிறதை நான் வாயால சொல்லணுமா?

ஈரலு, கறியெல்லாம் வேண்டாம். அந்தக் கொழுப்பு மீனுக்குச் செரிக்காது, அதோட ஈரல்லயே போயித் தங்கிரும். ஞாயித்துக்கிழமையானா உசுரோட தங்கமீனு வாங்கிப் போடுறியாமே? அது சீக்கைச் சொமந்துக்கிட்டு வரும். போதாததுக்கு அதோட ஒடம்புல இருக்குற ஒரு வஸ்து, இவனுக்கு வேண்டிய பி1 வைட்டமினை அழிச்சிரும். விருந்துன்னு நெனச்சு வெனையைப் போடுறே.

இன்னொரு சங்கதி. அவன் படுத்ததுக்குக் காரணம் நாக்கு மட்டும் இல்லை. அதுக்கு மொத நா தொட்டியைக் கவுத்துச் சுத்தமாத் தேய்ச்சியா? பில்டர் பஞ்சைக் கொழாய்த் தண்ணியில பளபளன்னு அலசுனியா? அங்கதான் கெட்டுச்சு. ஒங்க அப்பத்தா உறைமோர் இல்லாம தயிர் தோய்ப்பாளா? அந்தப் பஞ்சுதான்டா தொட்டிக்கு உறைமோரு. மீனோட கழிவுலயும் மிச்சத் தீனியிலயும் அம்மோனியாங்கிற வெசம் ஊறும். பஞ்சுல குடியிருக்குற கண்ணுக்குத் தெரியாத பூச்சிகதான் அதைத் தின்னு வெசத்தை மாத்துது. கொழாய்த் தண்ணியில இருக்குற குளோரின் அதுகளைக் கொன்னுருச்சு. உறைப்பானையைக் கழுவிக் கவுத்துட்டு, தயிரு ஏன் தோயலைன்னு எனக்குப் போன் போடுறே.

சரி, கேலி போதும், காதைக் கொடு. மறுபடி உறை விழ ஒரு மாசத்துக்கு மேலயே ஆவும். அதுவரைக்கும் ரெண்டு நாளைக்கு ஒருக்காக் கால்வாசித் தண்ணியை மாத்து. பொறவு வாரம் ஒருக்காப் போதும். மாத்துற தண்ணியில ஆன்ட்டி குளோரின் ஊத்து. சூடு தொட்டித் தண்ணிக்கு ஒத்து இருக்கணும். பஞ்சை அலசணும்னா, தொட்டியிலேருந்து எடுத்த தண்ணியிலயே அலசு. இவன் ஒரு அடிக்கு வளருவான், பத்து வருசம் இருப்பான். இந்த ரெண்டடித் தொட்டி காணாது. 300 லிட்டருக்குக் கொறையாம நாலடித் தொட்டி வாங்கு.

தீனிக்கு வா. மறுபடி முறுக்குனான்னா மூணு நாளைக்கு ஒண்ணும் போடாதே. பயப்படாதே, வளர்ந்த ஆஸ்கார் ஒரு வாரம் பட்டினி கெடந்தாலும் அசராதாம். நாலாம் நா உருண்டைத் தீனி ரெண்டைப் பூண்டுச் சாத்துல நனைச்சுப் போடு. அஞ்சு நிமிசத்துல திங்கலையா, வலையால அள்ளிக் கீழே கொட்டிட்டு, மொகத்தைத் திருப்பிக்கிட்டு நீ போ. அவனுக்கு மட்டுந்தான் திருப்பத் தெரியுமா? வழிக்கு வந்த பொறவு, என்னைக்காவது ஒருநா மண்புழுவோ தோலுரிச்ச இறாலோ போடு. வாரத்துல ஒருநா விரதம். ஒங்க அப்பத்தா வெள்ளிக்கெழமை விரதம் இருந்தே இத்தனை வயசு திடமா இருக்கா. ஆனா வயிறு ஒட்டி, தலையில குழி விழுந்து, வெள்ளை நூலாட்டம் கழிஞ்சான்னா, அது முறுக்கு இல்லை, சீக்கு. அப்ப கோவிக்காம வெவரம் தெரிஞ்ச ஆளைக் கூட்டியா.

பொய்யின்னு நெனைக்காதே. நீ ஆபீசுக்குப் போன நாலு நாளும் தொட்டிக்கு நாந்தான் காவல். மொத நா மொறைச்சான், ரெண்டாம் நா கல்லைப் பொரட்டிப் போட்டான், மூணாம் நா மேலேயும் கீழேயும் நடந்தான். நாலாம் நா உருண்டைத் தீனியை மூச்சுவிடாம முழுங்கிட்டு, இன்னொண்ணு இருக்கான்னு என் வெரலைப் பாத்தான்.

அந்த நாலு நாளும் காலையில எனக்கு என்ன தெரியுமா பலகாரம்? ஓட்ஸ் கஞ்சி. மூணு நா முழுங்கிப் பாத்தேன். நாலாம் நா ரெண்டு வாய் வாங்கி, கிண்ணத்தைத் தள்ளி வச்சுட்டு, செவுத்தைப் பாத்து ஒருக்களிச்சுப் படுத்தேன். அரைமணி நேரம் ஆகலை, ஒன் பொண்டாட்டி ஓடியாந்து நெத்தியைத் தொட்டுப் பாத்தா. மத்தியானம் வாளைக் கருவாட்டுக் கொழம்பும் கத்திரிக்காயும் வந்துருச்சு. எந்திரிச்சுக்கிட்டேன்.

அதனால சொல்றேன் அப்பு: மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் படுத்துக் கெடக்குறவனுக்கு எறங்கியே போகாதே. மீனுக்கு மட்டுந்தான் சொல்றேன்.