சீஆர் கொப்பியும் பாஸ்வேர்டும்

ஆளை அடையாளம் காண்பதில் சீனன்குடாவை மிஞ்ச முடியாது. ஒரு பக்கம் விமானப்படை, ஒரு பக்கம் துறைமுகம், பின்னால் காட்டுக்குள் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்கள். யுத்த காலத்தில் ஐசி இல்லாமல் பாண் வாங்கக்கூடப் போகாத சனம் நாங்கள். இன்றும் எங்கள் கந்தோர் வாசலில் இருக்கும் செக்யூரிட்டி ஐயா, என் கலியாணத்தில் பந்தியில் இருந்து சாப்பிட்டவர், காலையில் "தம்பி, ஐசி?" என்பார். நீட்டினால் இலக்கத்தைச் சீஆர் கொப்பியில் முத்துமுத்தாக எழுதுவார்.

உள்ளே கதை வேறு. கொம்பியூட்டரில் சம்பளச் சீட்டைத் திறக்கும் பாஸ்வேர்ட் அவரவர் ஐசி இலக்கம். அதாவது எங்கள் எல்லாருடைய சாவியும் வாசல் மேசையில், பேனா கட்டிய கொப்பியில், திறந்தபடி கிடக்கிறது. பழைய அடையாள அட்டையின் 9 இலக்கங்களில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது. பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2016இல் வந்த 12 இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான், ஆண்டு மட்டும் முழுசாக வரும். கணக்குப் பிரிவு அக்கா வருடா வருடம் முப்பத்தொன்பதில் நிற்பவர். செக்யூரிட்டி ஐயா மட்டும் அதைக் கேட்டுச் சிரிப்பதில்லை, பாவம், மரியாதை தெரிந்த மனிசன்.

மின்னஞ்சல் பாஸ்வேர்ட் பற்றிக் கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வந்தது: மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், பெரிய எழுத்து, இலக்கம், குறியீடு எல்லாம் வேண்டும். இந்த வழக்கத்துக்கு மூலவர் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனத்தில் இருந்த பில் பர். 2003இல் எழுதினார். 2017இல் நிறுவனமே அதைக் கைவிட்டது, அவரும் எழுதியதற்காக வருந்தினார். அந்தச் செய்தி கோட்டையில் ரயில் ஏறி இன்னும் சீனன்குடாவில் இறங்கவில்லை. நாங்கள் 'கோணேசர்@1' என்று தொடங்கி இப்போது 'கோணேசர்@7'இல் நிற்கிறோம். மறக்காமலிருக்கத் திரையின் ஓரத்தில் மஞ்சள் துண்டில் ஒட்டியும் இருக்கிறது.

களஞ்சியப் பொறுப்பாளர் கட்டாருக்குப் போய்விட்டார். அவருடைய லொகின் போகவில்லை. புதிதாக வந்த தம்பிக்குத் தனி லொகின் எடுக்க ஏகப்பட்ட கையெழுத்து வேண்டும் என்பதால், சாமான் இறங்குவதெல்லாம் அண்ணனின் பெயரில்தான். தோகாவில் இருந்துகொண்டே மனிசன் நேற்றிரவும் எங்களுக்கு ஓவர்டைம் செய்தார். கணக்காய்வில் குறை வந்தால் விளக்கம் கேட்டுக் கடிதமும் அங்கேதான் போகவேண்டும்.

சாவியைப் பத்திரமாக வைத்திருக்க எங்களுக்குத் தெரியாது என்றில்லை. 2022இல் பெற்றோல் கோட்டாவுக்குக் கியூஆர் வந்தது. எண்ணெய்க் குதங்களுக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றருக்காக வரிசையில் நின்றோம். எங்கள் கந்தோர் ஆட்கள் அந்தக் கியூஆரை லமினேட் பண்ணிப் பேர்ஸுக்குள் பூட்டி வைத்தார்கள். சொந்த மச்சானுக்கும் காட்டவில்லை; காட்டினால் கோட்டா அவன் டாங்குக்குள் போய்விடும். அதே ஆட்கள்தான் இன்று "பாஸ்வேர்ட் என்ன அண்ணே?" என்று மூன்றாம் மேசையிலிருந்து கேட்டால் எழுத்துக்கூட்டிக் கத்துகிறார்கள்.

முகாமையாளர்மாருக்கு ஒரு வேண்டுகோள். சுற்றறிக்கையை விடுங்கள். ஒவ்வொரு லொகினோடும் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோலைக் கட்டிவிடுங்கள், மஞ்சள் துண்டு தானாகக் கழன்றுவிடும். கட்டார் அண்ணனின் கணக்கை மட்டும் அதற்கு முன்பே மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் அவருடைய 4 லீற்றருக்குக் களஞ்சியத்தில் அடிபிடி நடக்கும்.